யாருமே பார்க்காத விளம்பரத்துக்கு தங்க மெடல்: 'ஸ்கேம் ஆட்'னா என்ன, ஆட் கிளப்புகள் ஏன் திணறுது

2025 ஜூன்ல பிரான்ஸ்ல நடந்த கான்ஸ் லயன்ஸ் விளம்பர விருது விழாவுல பிரேசில் விளம்பர ஏஜென்சி டிஎம்9 ஒரு கிராண்ட் பிரி (ஒரு பிரிவோட உச்ச விருது) ஜெயிச்சுது, விழா முடிஞ்சு கொஞ்ச நாள்லயே அதை திருப்பி கொடுத்துடுச்சு. அந்த செய்தியோட சேர்ந்து 'ஸ்கேம் ஆட்'ங்கற வார்த்தையும் பரவுச்சு, நிறைய பேர் அதை ஃபேஸ்புக்ல வர்ற போலி ஷேர் டிரேடிங் விளம்பரம், நடிகர் மூஞ்சியை வெச்சு டீப்ஃபேக் பண்ற மோசடி, அந்த மாதிரின்னு புரிஞ்சிக்கிட்டாங்க. அது வேற சமாச்சாரம். அதுல ஏமாறுறது வாங்குற ஜனங்க. தொழில்ல ஸ்கேம் ஆட்னா, சரக்கு விக்கறதுக்கு இல்லாம விருது வாங்கறதுக்காகவே பண்ற போலி விளம்பரம். இங்க ஏமாறுறது விருது கொடுக்குற ஜூரி, அந்த விருதை நம்பி ஏஜென்சியை தேர்ந்தெடுக்குற கம்பெனி, அப்புறம் ஒழுங்கா வேலை பார்த்துட்டு கை தட்டிட்டு வீட்டுக்குப் போற மத்த ஏஜென்சிக்காரங்க.

இது மும்பை, சென்னைன்னு நம்ம ஊர் ஆட் கிளப்புகளுக்கும் நேரடியா சம்பந்தப்பட்ட விஷயம், அதனால அடியில இருந்து ஆரம்பிக்கலாம்.

முதல்ல, யார் யார்

விளம்பரத் தொழில்ல நாலு விதமான அமைப்பு இருக்கு, பேரெல்லாம் ஒரே மாதிரி இருக்கறதால குழம்பிடும்.

1. ஆட் கிளப். தொழில்ல இருக்கற தனி ஆட்களோட சங்கம். காப்பி ரைட்டர், ஆர்ட் டைரக்டர், கிளையன்ட் சர்வீசிங், மீடியா பிளானர், பத்திரிகையில இடம் விக்கறவங்க, கம்பெனி மார்க்கெட்டிங் ஆளுங்க எல்லாரும் மெம்பர் ஆகலாம். மும்பைல 'தி அட்வர்டைசிங் கிளப்', அவங்க நடத்தறது அபி விருது. சென்னைல 'அட்வர்டைசிங் கிளப் மெட்ராஸ்', அவங்களோடது மேடிஸ் விருது.

2. ஏஏஏஐ, அதாவது இந்திய விளம்பர ஏஜென்சிகள் சங்கம். இது 1945ல ஆரம்பிச்சது, இதுல மெம்பர் ஏஜென்சிகள். 2006ல இருந்து நடக்கற கோவாஃபெஸ்ட் இவங்க ஆரம்பிச்ச விழா. அப்புறம் அபி விருதும் அந்த மேடைக்கே போயிடுச்சு.

3. விளம்பரம் கொடுக்கற கம்பெனிகளோட சங்கம். இங்க இதுக்கு பெரிய பங்கு இல்ல, விட்டுடலாம்.

4. ஏஎஸ்சிஐ, அதாவது இந்திய விளம்பரத் தர கவுன்சில். 1985ல வந்தது. விளம்பரம் பொய் சொல்லுதா, குழந்தைகளுக்கு கெடுதலா, ஆபாசமாங்கற புகாரை எல்லாம் பார்க்கறது இவங்க வேலை.

நிறைய பேர் கேட்கறது, 'ஏஎஸ்சிஐ இருக்கே, அவங்க ஏன் ஸ்கேம் விளம்பரத்தை பிடிக்கல?' ஏஎஸ்சிஐக்கு புகார் போகணும்னா யாராவது அந்த விளம்பரத்தை பார்த்திருக்கணும். ஸ்கேம் விளம்பரத்தோட அடையாளமே யாரும் பார்க்கலங்கறதுதான். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல தப்பான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும், திரும்ப பண்ணா 50 லட்சம் வரைக்கும் அபராதம் இருக்கு, ஆனா அதுவும் நுகர்வோரை ஏமாத்துனா வர்ற சட்டம். ஜூரியை ஏமாத்துனா யாரு கேட்கறது? விருது கொடுத்த கிளப் மட்டும்தான். வேற யாருக்கும் அந்த அதிகாரமும் இல்ல, அக்கறையும் இல்ல.

நிஜ விளம்பரம் எப்படி பிறக்குது

இது தெரிஞ்சாதான் போலி எங்க விலகுதுன்னு தெரியும். ஒரு கம்பெனிக்கு ஒரு பிரச்சினை, சரக்கு விக்கல இல்ல புதுசா ஒண்ணு கொண்டு வர்றாங்க. ஏஜென்சியை கூப்பிட்டு, என்ன வேணும்னு பிரீஃப் கொடுக்கறாங்க. அந்த கம்பெனிதான் கிளையன்ட். ஏஜென்சி அஞ்சாறு ஐடியா காட்டுது, பாதி அடி வாங்குது, 'லோகோ பெருசா போடுங்க', 'விலை எங்க', 'எங்க எம்.டி.க்கு மஞ்சள் பிடிக்காது' இதெல்லாம் தாண்டி ஒண்ணு அப்ரூவ் ஆகுது. அப்புறம் பட்ஜெட், மீடியா பிளான் (எங்க, எத்தனை தடவை வரணும்ங்கற திட்டம்), பத்திரிகைக்கு 'இதை போடுங்க'ன்னு ரிலீஸ் ஆர்டர் போகுது. விளம்பரம் வந்ததும் பத்திரிகை ஆபீஸ் வவுச்சர் காப்பி அனுப்பும், அதாவது 'உங்க விளம்பரம் வந்திருக்கு பாருங்க'ன்னு அன்னைக்கு பேப்பர். அதோட பில். ஏஜென்சி கிளையன்ட்டுக்கு பில் போடும், கிளையன்ட் காசு கொடுப்பார், சில சமயம் மூணு மாசம் கழிச்சு. ஏஜென்சிக்கு வழக்கமா சொல்ற கமிஷன் 15 சதவீதம், இப்போ நிறைய இடத்துல அது மாசக் கட்டணமாவோ வேலைக்கு இவ்வளவுன்னோ மாறிடுச்சு.

இந்த வரிசையில முக்கியமானது மூணு: கிளையன்ட் கேட்டார், கிளையன்ட் காசு கொடுத்தார், ஜனங்க பார்த்தாங்க.

போலி எங்க பிரியுது

ஸ்கேம் விளம்பரத்துல வரிசை தலைகீழ். முதல்ல ஐடியா வரும், விருது வாங்கற மாதிரி ஒண்ணு. அப்புறம் அதுக்கு ஏத்த பிராண்டை தேடுவாங்க. பசை, சில்லி சாஸ், பல் இடுக்குல விடற நூல், கரப்பான் மருந்து, ஜிம், இல்லன்னா ஒரு தொண்டு நிறுவனம். இதையெல்லாம் எடுக்கறதுக்கு காரணம் இருக்கு. ஒரே வரியில ஒரே படத்துல சொல்லி முடிச்சிடலாம், கிளையன்ட் சின்ன ஆள், ஓசியில விளம்பரம் வருதுன்னா வேண்டாம்னு சொல்ல மாட்டார். இதுல பல அளவு இருக்கு, எல்லாத்தையும் ஒரே தராசுல போடக்கூடாது:

1. கிளையன்ட்டுக்கே தெரியாம பண்ணது. சுத்தப் பொய்.

2. கிளையன்ட் 'சரி'ன்னு தலையாட்டினார், ஆனா காசு ஏஜென்சியோடது. கட்டணம் கம்மியா இருக்கற ஏதாவது சின்ன பேப்பர்ல, விருதுக்கான கடைசி தேதிக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் வரும். டிவின்னா ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவை. வவுச்சர் காப்பி கைக்கு வந்துடும், ரூல்படி 'ரிலீஸ்' ஆயிடுச்சு.

3. விளம்பரம் நிஜமா வந்துச்சு, ஆனா விருதுக்கு அனுப்புனது வேற ஒண்ணு. கிளையன்ட் கேட்ட பெரிய லோகோ, போன் நம்பர், கடை முகவரி எல்லாத்தையும் எடுத்துட்டு சுத்தமா ஒரு காப்பி.

4. வேலை நிஜம், ரிசல்ட் பொய். ஒரு தெருவுல ஒரு நாள் வெச்சு வீடியோ எடுத்துட்டு, 'நகரமே மாறிடுச்சு, கோடிக்கணக்கானவங்க பார்த்தாங்க'ன்னு கேஸ் வீடியோல போடறது.

கேஸ் வீடியோங்கறது ஜூரிக்கு காட்ட எடுக்கற ரெண்டு நிமிஷ படம். பிரச்சினை இது, நாங்க பண்ணது இது, நடந்தது இதுன்னு மியூசிக்கோட சொல்லும். முன்னெல்லாம் ஒரு பேப்பர் விளம்பரத்தை மேஜைல வெச்சு பார்த்து மார்க் போட்டாங்க. இப்போ பல பிரிவுல ஜூரி பார்க்கறது இந்த வீடியோவைத்தான், விளம்பரத்தை இல்ல. என் கணக்குல நாலாவது வகைதான் இன்னைக்கு ரொம்ப ஆபத்து, ஏன்னா அதுல பாதி உண்மை கலந்திருக்கு.

நடந்தது நாலு

2009. பிரேசில்ல டிடிபி ஏஜென்சி, டபிள்யூ.டபிள்யூ.எஃப்.ங்கற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்காக பண்ண 'சுனாமி' விளம்பரம். நியூயார்க் மேல ஏகப்பட்ட விமானம் பாயற மாதிரி படம், 2004 சுனாமியில செத்தவங்க செப்டம்பர் 11ஐ விட 100 மடங்குன்னு வாசகம். பேப்பர்ல ஒரே ஒரு தடவை வந்தது, அமெரிக்காவுல ஒன் ஷோ விருதுல தகுதிச் சான்று வாங்கிடுச்சு. வெளியில தெரிஞ்சதும் அமெரிக்காவுல கொதிச்சாங்க. டபிள்யூ.டபிள்யூ.எஃப். முதல்ல எங்களோடது இல்லன்னுச்சு, அப்புறம் பிரேசில் கிளையும் ஏஜென்சியும் சேர்ந்து இது வந்திருக்கவே கூடாதுன்னு மன்னிப்பு கேட்டாங்க. நாகப்பட்டினத்துலயும் கடலூர்லயும் வீட்டு ஆளுங்களை கடல் கொண்டு போன குடும்பங்க இருக்கற நம்ம பக்கத்துல இருந்து பார்த்தா இதுல இன்னொரு கொடுமையும் தெரியும், அந்த சாவுகளை ஒரு மெடலுக்கான ஒப்பீடா எடுத்து வெச்சது. இதுக்கப்புறம்தான் ஒன் ஷோவை நடத்தற ஒன் கிளப் ஒரு கடுமையான ரூல் போட்டாங்க: போலி விளம்பரம் அனுப்புனா அந்த ஏஜென்சிக்கும் அதுல பேர் போட்ட எல்லாருக்கும் 5 வருஷம் தடை. ஏஜென்சியே காசு கட்டி ஒரு தடவை ஓட்டுனது, ராத்திரி நேரத்துல ஒரு தடவை வந்தது, இதுக்கெல்லாம் ஏஜென்சிக்கு 3 வருஷம்.

2013. இது நம்ம நாட்டு கதை. மார்ச் மாசம் ஜேடபிள்யூடி இந்தியா ஏஜென்சி பண்ண ஃபோர்டு ஃபிகோ போஸ்டர்கள் இன்டர்நெட்ல வந்துச்சு. டிக்கி பெருசுன்னு சொல்றதுக்காக, முன் சீட்டுல இத்தாலி முன்னாள் பிரதமர் பெர்லுஸ்கோனி விரலைக் காட்டி சிரிக்க, பின்னாடி டிக்கியில வாயைக் கட்டின பொண்ணுங்க. டெல்லி டிசம்பர் கொடுமைக்கு அப்புறம் பாலியல் வன்முறை சட்டத்தை பார்லிமென்ட் அதே மார்ச் மாசம்தான் கடுமையாக்குது. ஃபோர்டும் ஜேடபிள்யூடியோட தாய் கம்பெனி டபிள்யூ.பி.பி.யும் மன்னிப்பு கேட்டாங்க, ஏஜென்சியில சில பேருக்கு வேலை போச்சு, அபி விருதுக்கும் இது போயிருந்ததா அப்பவே செய்தி வந்துச்சு. ஃபிகோ மறைமலை நகர்ல தயாரான கார். அந்த லைன்ல நின்னு வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவங்களோட காருக்கு உலகம் பூரா கெட்ட பேர், கம்பெனி காசு போட்டு வெளியிடாத ஒரு விளம்பரத்தால. 'யாரும் பார்க்கப் போறதில்ல, ஜூரி மட்டும்தானே'ங்கற வாதம் அன்னைக்கே செத்துப் போச்சு.

2016. கிரே சிங்கப்பூர் ஏஜென்சி, 'ஐ சீ'ன்னு ஒரு ஆப். மத்தியதரைக் கடல்ல தத்தளிக்கற அகதிகள் படகை சாட்டிலைட் படத்துல ஜனங்களே தேடி சொல்லலாம்னு சொன்னாங்க, கான்ஸ்ல வெண்கலம் கிடைச்சுது. டெக்னிக்கல் ஆளுங்க திறந்து பார்த்தா லைவ் படமே இல்ல, எல்லாருக்கும் அதே அசையாத படம். ஆப்பிள் ஆப்பை எடுத்துட்டாங்க, ஏஜென்சி மெடலை திருப்பி கொடுத்துச்சு. உயிர் போற விஷயத்துல உதவி பண்றோம்னு நம்பி அந்த படத்தை உத்துப் பார்த்தவங்களை நினைச்சா மனசு ஆறல.

2025. டிஎம்9. வேர்ல்பூல் கம்பெனியோட கான்சல்ங்கற வீட்டு உபயோக மெஷின் பிராண்டுக்கு, கரண்ட் பில்லுல மிச்சமாகற காசுலயே புது மெஷினுக்கு தவணை கட்டலாம்ங்கற ஐடியா. ஐடியா நல்லா இருக்கு, அதுல சந்தேகம் இல்ல. ஆனா கேஸ் வீடியோல சிஎன்என் பிரேசில் செய்தியை ஏஐ வெச்சு மாத்தி, இந்த திட்டத்தை பத்தி அவங்க பேசின மாதிரி காட்டியிருந்தாங்க. அமெரிக்காவுல வட கரோலினா மாநில செனட்டர் டிஆண்ட்ரியா சால்வடோர் டெட் மேடையில பேசினதையும் மாத்தியிருந்தாங்க. கிராண்ட் பிரி போச்சு, அதே ஏஜென்சியோட இன்னும் ரெண்டு வேலைகளையும் வாபஸ் வாங்கினாங்க, கிரியேட்டிவ் தலைவர் பதவியை விட்டு போனார்.

ஏன் பண்றாங்க

'பேராசை'ன்னு ஒரு வார்த்தையில முடிக்கறது சுலபம், அது போதாது. மெடல் எங்கெங்க காசா மாறுதுன்னு பார்க்கணும்.

1. ஆளுக்கு. கிரியேட்டிவ் வேலையில சம்பள உயர்வு, அடுத்த கம்பெனி, சிங்கப்பூர் துபாய் வாய்ப்பு எல்லாத்துக்கும் பயோடேட்டால முதல் வரி மெடல்தான். வருஷம் பூரா சோப்புக்கும் சிமென்ட்டுக்கும் ஒழுங்கா எழுதி சரக்கை வித்துக் கொடுத்த ஆளுக்கு காட்ட ஒண்ணும் இருக்காது. இது ரொம்ப வலிக்கற அநியாயம்.

2. ஏஜென்சிக்கு. உலக அளவுல ரேங்க் பட்டியல் இருக்கு. 1999ல வந்த கன் ரிப்போர்ட் விருதுகளை எண்ணி ஏஜென்சிகளை வரிசைப்படுத்துச்சு. தாய் கம்பெனி நாடு வாரியா 'உங்க ஆபீஸ்ல எத்தனை?'ன்னு கேட்கும். டார்கெட் வந்துட்டா, நிஜ கிளையன்ட்டோட அப்ரூவலுக்கு யாரு காத்துக்கிட்டு இருப்பா.

3. விருது நடத்தறவங்களுக்கு. இதைத்தான் யாரும் சத்தமா பேசறதில்ல. விருதுக்கு அனுப்பற ஒவ்வொரு என்ட்ரிக்கும் கட்டணம் உண்டு. ஒரே வேலையை பத்து பிரிவுல போட்டா பத்து கட்டணம். கான்ஸுக்கு 2016ல வந்த என்ட்ரி 43,000-க்கு மேல, சமீப வருஷங்கள்ல 26,000-க்கு மேல, ஒவ்வொண்ணுக்கும் நூத்துக்கணக்கான யூரோ. பல ஏஜென்சிகளை வெச்சிருக்கற பப்ளிசிஸ் குழுமம் 2017ல, ஒரு வருஷத்துக்கு எந்த விருதுக்கும் போக மாட்டோம், அந்த காசை எங்க ஏஐ திட்டத்துல போடறோம்னு அறிவிச்சாங்கன்னா எவ்வளவு பெரிய செலவுன்னு புரிஞ்சுக்கலாம். என்ட்ரி கம்மியானா வருமானம் கம்மி. தீவிரமா சோதனை போட்டா என்ட்ரி கம்மியாகும். கிளப் கமிட்டியில உட்கார்ந்திருக்கறவங்களும் அதே ஏஜென்சிகள்ல வேலை பார்க்கறவங்கதான். இந்த முடிச்சு அவிழாம ரூல் புத்தகத்துல பக்கம் கூட்டி பிரயோஜனம் இல்ல.

யாருக்கு நஷ்டம்

சென்னை, கோயம்புத்தூர், மதுரைல சின்ன ஏஜென்சிகள் நிறைய இருக்கு. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, நகைக்கடை அட்சய திருதியை, பள்ளிக்கூட அட்மிஷன், காபித்தூள், அரிசி, பைப். கிளையன்ட் கடை முதலாளி, கல்லாவுல உட்கார்ந்தபடியே அப்ரூவ் பண்ணுவார், நாளைக்கு கூட்டம் வந்துச்சா இல்லையான்னு கணக்கு கேட்பார். பண்பலை ரேடியோவுல இருபது செகண்டுல மதுரைப் பேச்சு வழக்குல எழுதின ஒரு விளம்பரம் ஊர் பூரா வாய்ல ஓடும். அதை எழுதினவர் மும்பை ஜூரி முன்னாடி இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட நிக்கணும், பக்கத்துல இருக்கறது கிளையன்ட் தொந்தரவே இல்லாம, பட்ஜெட் கவலையே இல்லாம, மூணு மாசம் மெருகேத்தின ஒரு பொய். எது பளபளப்பா தெரியும்? அந்த போட்டியே சமமில்ல. அடுத்த வருஷம் அவர் என்ட்ரி ஃபீஸ் கட்ட மாட்டார், கிளப் பக்கமே வர மாட்டார். மாநில மொழி வேலை தேசிய விருதுகள்ல கம்மியா தெரியறதுக்கு வேற காரணங்களும் இருக்கு, ஆனா இதுவும் ஒண்ணுன்னு நான் உறுதியா நினைக்கறேன்.

ரெண்டாவது நஷ்டம் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு. இருபத்திரெண்டு வயசு ஆர்ட் டைரக்டர் ஆபீஸ்ல முதல்ல கத்துக்கறது, கிளையன்ட் பிரீஃப்ங்கறது தலைவலி, நிஜ வேலைங்கறது விருதுக்கு பண்றதுன்னா, அவர் கையில கடைக்காரரோட காசு எப்படி பத்திரமா இருக்கும்.

ரூல் போட்டா நிக்குமா

டிஎம்9 விவகாரத்துக்கு அப்புறம் கான்ஸ் சில ரூல் கொண்டு வந்தாங்க: கிளையன்ட் பக்கம் மார்க்கெட்டிங் தலைவர் அளவுல கையெழுத்து, ஏஐ உபயோகிச்சிருந்தா வெளிப்படையா சொல்லணும், வீடியோல சொல்ற ரிசல்ட்டுக்கு ஆதாரம், வேணும்னே பொய் சொன்னது தெரிஞ்சா தடை. நல்லதுதான். ஆனா கையெழுத்து மட்டும் போதாது, ஏன்னா மெடல் வந்தா மார்க்கெட்டிங் தலைவர் பயோடேட்டாலயும் அது ஏறுது. 2009 கதையிலயும் கிளையன்ட் பக்கம் ஒருத்தர் தலையாட்டித்தான் இருந்தார்.

நம்ம ஊர் கிளப்புகளுக்கு இதை விட லேசான ஒரு வழி இருக்கு, ஜிஎஸ்டி. இன்னைக்கு ஒரு நிஜ விளம்பரம் கணக்கு தடம் இல்லாம வெளிவரவே முடியாது.

1. பத்திரிகையோ சேனலோ ஏஜென்சிக்கு போட்ட பில் மட்டும் இருந்தா போதாது. அது ஏஜென்சியே காசு கட்டினாலும் வரும்.

2. ஏஜென்சி கிளையன்ட்டுக்கு போட்ட ஜிஎஸ்டி பில்லும், அதுக்கு காசு வந்த பேங்க் பதிவும் வேணும். தொகையை மறைச்சுக் கொடுத்தா கூட பரவால்ல. இது இல்லன்னா ரெண்டாவது வகை போலி அங்கயே மாட்டிக்கும்.

3. எத்தனை தடவை, எத்தனை இடத்துல வந்துச்சுங்கற மீடியா பிளான். ஒரே ஒரு நாள், கடைசி தேதிக்கு முந்தின வாரம்னா கேள்வி கேட்கணும்.

4. ஷார்ட்லிஸ்ட் (இறுதிச் சுற்றுக்கு தேர்வான பட்டியல்) ஆனதும் ஒரு வாரம் எல்லார் பார்வைக்கும் வைக்கணும். ஊர்ல தொழில் பண்றவங்களுக்கு எந்த விளம்பரம் வந்துச்சு, எது வரலன்னு நல்லாவே தெரியும், எந்த ஆடிட்டரும் அவங்க அளவுக்கு பிடிக்க மாட்டாங்க.

எல்லா என்ட்ரிக்கும் இதை கேட்க வேண்டாம், ஷார்ட்லிஸ்ட்டுக்கு மட்டும் கேட்டா சின்ன கிளப்பாலயும் முடியும். வேலைப் பளு அதிகம்ங்கற சாக்கு அங்க நிக்காது.

இதுல நியாயமான ஒரு எதிர்ப்பேச்சு உண்டு. கிளையன்ட் கேட்காம ஐடியா கொண்டு போறதே தப்பான்னு கேட்பாங்க. தப்பே இல்ல. ஏஜென்சி தானா யோசிச்சு கிளையன்ட்கிட்ட காட்டி, அவர் ஒத்துக்கிட்டு தன் காசுல வெளியிட்டா அது முழு நிஜ விளம்பரம், தொழில்ல நல்ல வேலை பலதும் அப்படித்தான் வருது. கிளையன்ட் வேண்டாம்னு சொன்ன அருமையான ஐடியாவுக்கும் இடம் வேணும்னா தனிப் பிரிவு வைக்கலாம். இங்கிலாந்துல சிப் ஷாப் விருதுன்னு ஒண்ணு இருக்கு, அங்க கிளையன்ட்டே இல்லாத விளம்பரத்தை 'இது கற்பனை'ன்னு வெளிப்படையா சொல்லி அனுப்பலாம். யாரும் யாரையும் ஏமாத்தல.

விருதைக் காட்டி ஏஜென்சி வந்தா

கடை, கம்பெனி நடத்தறவங்க கேட்க வேண்டியது கொஞ்சம்தான். எந்த விருதுன்னு முதல்ல பாருங்க. எஃபி விருதுன்னா அதுல விளம்பரத்தால வியாபாரத்துக்கு என்ன பலன்னு ஆதாரத்தோட எழுதிக் கொடுக்கணும், அமெரிக்காவுல 1968ல ஆரம்பிச்சது, இந்தியாவுல மும்பை அட்வர்டைசிங் கிளப் நடத்துது. கிரியேட்டிவ் விருதுன்னா, அந்த விளம்பரம் எந்த ஊர்ல எத்தனை நாள் ஓடுச்சுன்னு கேளுங்க. அந்த கிளையன்ட் இன்னும் அவங்களோட இருக்காரான்னு கேளுங்க. அவர் போன் நம்பரை வாங்கி பேசிப் பாருங்க. நிஜமா வேலை பண்ணவங்க நம்பரை உடனே கொடுத்துடுவாங்க.